தங்கியிருந்து பெறும் மனவடுச் சிகிச்சை: தம்பியை அனுப்பலாமா?

வடலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கனடாவின் ஸ்காபுறோவில் வசிக்கிறேன். என் தம்பி இங்கே பல ஆண்டுகளாக அம்புலன்ஸில் போகும் பரமெடிக்காக வேலை செய்தவன். நெடுஞ்சாலை விபத்துகள், தொடர்மாடிகளில் நடந்த தற்கொலைகள், கடைசியாக ஒரு கைக்குழந்தையின் மரணம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்த்துப் பார்த்து, இப்போது நெடுநாளாக வேலைக்குப் போகாமல் வீட்டின் நிலக்கீழ் அறையிலேயே இருக்கிறான். இரவில் உறக்கமில்லை, உறங்கினாலும் கத்திக்கொண்டு எழும்புகிறான், அந்தக் குழந்தையின் வீடு இருந்த தெருவால் வாகனம் ஓட்ட மறுக்கிறான், பிள்ளைகள் கதவை அடித்துச் சாத்தினால் அவர்கள்மேல் பாய்கிறான். மனநல மருத்துவர் இதைப் பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனவடு நோய், என்று உறுதிப்படுத்திவிட்டார். ஒன்ராறியோவில் 2016ஆம் ஆண்டு வந்த சட்டத்தின்படி பரமெடிக், தீயணைப்புப் படையினர், காவல்துறையினர் போன்றோருக்கு இந்த நோய் வந்தால் அது வேலையால் வந்தது என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படுவதால், வேலைத்தலக் காப்பீட்டுச் சபை கோரிக்கையை ஏற்றுக்கொண்டதில் எங்களுக்குப் பெரிய சிக்கல் இருக்கவில்லை.

வாரம் ஒரு தடவை உளவியலாளரிடம் போய்வந்தான். பாதி நாள் போகாமல் விட்டான். இப்போது மருத்துவர், ஏறத்தாழ எட்டு வாரம் ஒரு நிலையத்தில் தங்கியிருந்து சிகிச்சை பெறுவது நல்லது என்கிறார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளையை மனநோய் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டதாகச் சனம் கதைக்கும் என்பது அவருடைய கவலை. எனக்கோ வேறு கவலை. 1995 ஒக்ரோபர் 30ஆம் தேதி இரவு போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலத்தால் வெளியேறியபோது தம்பி சிறுவன், நானும் அவனும் அந்தக் கூட்டத்தில் இருந்தோம். அதைப் பற்றி அவன் இன்றுவரை ஒரு சொல் பேசியதில்லை. அங்கே கொண்டுபோய் அதையும் கிளறிவிட்டால் என்ன ஆகும்? உள்ளே உண்மையில் என்னதான் செய்வார்கள்? எட்டு வாரம் கழித்து வருகிறவன் எப்படி வருவான்? அனுபவமுள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

மருதடி எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் இங்கிலாந்தில் மனநல மருத்துவராகப் பணிபுரிகிறேன். உங்கள் தம்பியை நான் பார்க்கவில்லை என்பதால் அவரைப் பற்றி முடிவு சொல்ல எனக்கு உரிமையில்லை; பொதுவாக இந்தச் சிகிச்சையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தங்கியிருப்பது என்பது இடத்தைக் குறிக்கிறதே தவிர, அதுவே சிகிச்சை ஆகிவிடாது. பிடிஎஸ்டிக்கு நன்கு நிறுவப்பட்ட சிகிச்சைகள் எல்லாம் நடந்த சம்பவத்தின் நினைவை நேராக எடுத்துக் கையாள்பவை. எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் முறையில், நோயாளி அந்தச் சம்பவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நிகழ்காலத்தில் நடப்பதுபோலத் திரும்பத் திரும்பச் சொல்வார், அதன் ஒலிப்பதிவை நாள்தோறும் கேட்பார், தான் தவிர்த்துவந்த இடங்களுக்குப் படிப்படியாகப் போய் நிற்பார். பற்றிஷியா ரெசிக் உருவாக்கிய முறையில் 12 அமர்வுகளில் "நான் வேகமாகப் போயிருந்தால் குழந்தை பிழைத்திருக்கும்" என்பது போன்ற எண்ணங்களை எழுதிவைத்துச் சான்றுகளோடு சோதிப்பார்கள். மூன்றாவது இ.எம்.டி.ஆர். எனப்படும் கண்ணசைவு முறை; கண்களை இருபுறமும் அசைத்தபடி அந்த நினைவை எடுத்துக் கையாள்வது. அமெரிக்க முன்னாள் படையினர் துறையும் பாதுகாப்புத் துறையும் 2023இல் வெளியிட்ட வழிகாட்டி இந்த மூன்றையும் மருந்துகளுக்கு முன்னால் வைக்கிறது. இவற்றில் எதையும் பெறுவதற்குப் படுக்கை அவசியமில்லை. பெரும்பாலானோர் வீட்டிலிருந்தே பெறுகிறார்கள்.

அப்படியானால் தங்குவது யாருக்கு? உயிருக்கு ஆபத்தான எண்ணம் உள்ளவருக்கு, குடியோ போதையோ சேர்ந்திருப்பவருக்கு, வீடே பாதுகாப்பாக இல்லாதவருக்கு, அத்துடன் உங்கள் தம்பியைப் போல வாராந்த அமர்வுக்குப் போய்ச் சேர முடியாமலே விட்டுவிடுகிறவருக்கு. தவிர்த்தல் இந்த நோயின் அறிகுறி. அமர்வைத் தவறவிடுவதும் அதன் ஒரு வடிவந்தான், சோம்பல் அன்று.

வாரக்கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு ஒரு வரலாறு உண்டு. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் துயரந்தான் 1980இல் இந்த நோய்ப் பெயர் அமெரிக்க மனநலக் கையேட்டில் இடம்பெற முக்கிய காரணம். அதன் பிறகு அங்கே முன்னாள் படையினருக்கென மாதக்கணக்கில் தங்கும் சிறப்பு விடுதிகள் பல திறக்கப்பட்டன. ஃபொன்ரானா, றோசன்ஹெக் என்ற ஆய்வாளர்கள் 1997இல் அந்த நீண்டகால விடுதிகளைக் குறுகியகால விடுதிகளோடும் பொது மனநல விடுதிகளோடும் ஒப்பிட்டார்கள். வெளியேறும் நாளில் எல்லோரும் தேறியிருந்தார்கள். ஓராண்டுக்குள் நீண்டகால விடுதியில் இருந்தவர்கள் பழைய நிலையை நோக்கிச் சரிந்தார்கள். குறுகியகாலம் இருந்தவர்கள் பெற்றதை அதிகம் தக்கவைத்தார்கள், செலவும் குறைவு. உள்ளே கிடைத்த அமைதி வாசல்வரைதான் கூட வந்தது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இதற்கு மறுபுறத்தில் நெதர்லாந்தின் பில்த்தோவன் நகரில் நடந்த ஒரு திட்டம். இரண்டு வாரம், வாரத்துக்கு நான்கு நாள், ஆக எட்டே நாள். காலையில் 90 நிமிடம் நீடித்த எதிர்கொள்ளல், பிற்பகலில் 90 நிமிடம் கண்ணசைவு முறை, இடையில் உடற்பயிற்சியும் நோயைப் பற்றிய வகுப்பும். வார இறுதியில் வீட்டுக்குப் போய்விட வேண்டும். 2018இல் வெளியான ஆய்வில் 347 பேரில் ஏறத்தாழ 83 விழுக்காட்டினருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம்; 55 விழுக்காட்டினருக்குச் சிகிச்சையின் பின் பிடிஎஸ்டி என்று சொல்லும் அளவுக்கு அறிகுறிகள் இல்லை; நடுவில் விட்டுப்போனவர்கள் 2.3 விழுக்காட்டினர் மட்டும். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு அது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இங்கிலாந்தில் ஏலர்ஸ் குழுவினர் 121 பேரைக் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்து, ஏழு நாளில் செறிவாகக் கொடுத்த சிகிச்சையையும் மூன்று மாதம் வாராவாரம் கொடுத்த அதே சிகிச்சையையும் 2014இல் ஒப்பிட்டபோது, குணமானோர் முறையே 73, 77 விழுக்காடு, ஏறத்தாழச் சமம். ஆகவே நிலையத்தாரிடம் எத்தனை வாரம் என்று கேட்பதற்கு முன், ஒரு வாரத்தில் தனி ஆளாக எத்தனை மணி நேரம் எந்த முறையில் சிகிச்சை நடக்கும் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

தம்பிக்கு உயிரை விடும் எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். கனடாவில் 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

இராப்பணி எழுதியது:

அக்கா, நான் ரொறொன்ரோவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியாக இருந்தவள். கொரோனாக் காலத்துக்குப் பிறகு எனக்கும் இதே நோய் வந்து, ஒரு நிலையத்தில் தங்கியிருந்து சிகிச்சை பெற்றேன். எந்த நிலையம் என்று எழுதப்போவதில்லை.

உள்ளே என்ன நடக்கும் என்று கேட்டீர்கள். காலையில் எல்லோரும் கூடி அன்றைய நாளின் திட்டத்தைச் சொல்வோம், பிறகு வகுப்பு, பிறகு உடற்பயிற்சி அல்லது ஓவியம், வாரத்தில் சில நாட்கள் தனி அமர்வு, மாலையில் வீட்டுப்பாடம். குழுவில் இருக்கும்போது தனக்கு நடந்ததை விவரமாகச் சொல்ல அனுமதியில்லை. ஒருவருடைய சம்பவம் மற்றவரைத் தாக்கக்கூடாது என்பதற்கான விதி அது. அந்த விதி எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலைத் தந்தாலும், பக்கத்து அறையில் ஒரு தீயணைப்பு வீரர் இருந்ததை நினைக்கும்போது அது சரியென்றே இப்போது படுகிறது. தொலைபேசியைப் பகலில் வாங்கி வைத்துவிடுவார்கள். இரவில் தாதியர் கைவிளக்கோடு வந்து எல்லோரும் இருக்கிறோமா என்று பார்ப்பார்கள்; இரவுப் பணியில் அதே வேலையைச் செய்தவளான எனக்கு அந்த வெளிச்சமே உடலை உதறவைத்தது. சொன்ன பிறகு வெளிச்சத்தைத் தரையில் அடிக்கத் தொடங்கினார்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. தம்பியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இரண்டாம் வாரம் எல்லோருக்கும் மோசமாகவே இருந்தது. நினைவைத் தொடத் தொடங்கியதும் கனவுகள் கூடின, நானும் பெட்டியைக் கட்டிவிட்டேன். அந்த நேரத்தில் வீட்டிலிருந்து "கஷ்டமாக இருந்தால் வந்துவிடு" என்று அன்பாகச் சொன்னால் அதோடு முடிந்தது. என் கணவர் அப்படிச் சொல்லவில்லை. அதற்காக அவர்மேல் சில நாள் கோபமாக இருந்தேன். ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டு ஒரு கட்டத்தில் எனக்கே அது சலித்துப்போனது. முதல் நாள் கேட்கும்போது வாந்தி எடுத்தேன், பின்னால் அதே பதிவைக் கேட்டுக்கொண்டே இரவுச் சாப்பாட்டுக்கு என்ன என்று யோசித்தேன். நினைவு போகவில்லை, அதன் வேகம் போனது.

மருத்துவர் ஐயா எழுதியதில் ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அமர்வுகளின் மணிக்கணக்கைப் பார்த்தால் போதும் என்பதுபோல ஒரு தொனி அதில் இருக்கிறது. என்னைப் போன்ற ஒருத்தியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதும், அவள் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவாள் என்பதை யாரும் கேலிசெய்யாமல் கதிரையை மாற்றிக் கொடுத்ததும் எந்த அட்டவணையிலும் வராது.

மருதடி எழுதியது:

நீங்கள் சொல்வது நியாயம். குழு தரும் துணையை நான் குறைத்து எழுதியிருக்கக்கூடும். இருந்தாலும் துணையையும் சிகிச்சையையும் பிரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. ரெசிக்கின் அதே முறையை 268 அமெரிக்கப் படையினருக்குக் குழுவாகவும் தனியாகவும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வந்தது. தனியாகப் பெற்றவர்களே கூடுதலாகத் தேறினார்கள். குழு மட்டும் வைத்து, தனி அமர்வு அரிதாக உள்ள நிலையமானால் யோசிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

பாலைமரம் எழுதியது:

வணக்கம். நான் இலங்கையின் வடக்கில் உளசமூகப் பணியில் இருப்பவன். 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் வேலை செய்த அனுபவத்திலிருந்து ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்கிறேன்.

இங்கே ஒரு குடும்பத்தில் ஒருவர் அல்லர், முழுக் கிராமமுமே அதைக் கண்டது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், இதைத் தனி மனிதரின் நோயாக மட்டும் பார்க்க முடியாது, குடும்பத்துக்கும் ஊருக்கும் ஏற்பட்ட கூட்டு மனவடுவாகவும் பார்க்கவேண்டும் என்று தொடர்ந்து எழுதிவந்தவர். அவர் சொன்னதன் பொருளை நாங்கள் நாள்தோறும் கண்டோம். ஆள் தேறியிருப்பார், ஆனால் அவர் திரும்பிப் போகும் வீட்டில் மனைவியும் அதே செல்லடியில் இருந்தவர், தாய்க்கு இன்னொரு பிள்ளை காணாமலாக்கப்பட்டவர். ஒருவரை மட்டும் வெளியே எடுத்துத் திருத்தி அதே வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தால் எவ்வளவு நாள் நிற்கும்? உங்கள் வீட்டிலும் 1995ஐக் கண்டவர்கள் இரண்டு பேராவது இருக்கிறீர்கள் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் போரையும் கடலையும் கண்ட 31 பிள்ளைகளுக்கு ஜெர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களோடு இணைந்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினர் பிறந்ததிலிருந்து இன்றுவரையான தம் வாழ்க்கைக் கதையைச் சம்பவங்களோடு கோத்துச் சொன்னார்கள். மற்றவர்கள் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றார்கள். ஆறே அமர்வுகள். ஆறு மாதம் கழித்து முதல் பகுதியில் 81 விழுக்காட்டினரும் இரண்டாம் பகுதியில் 71 விழுக்காட்டினரும் தேறியிருந்தார்கள். படுக்கையும் இல்லை, எட்டு வாரமும் இல்லை; சொந்தச் சனத்தின் நடுவிலேயே அந்தப் பிள்ளைகள் இருந்தார்கள். சாந்தியாசனமும் மந்திரம் உச்சரித்தலும் சுவாசப் பயிற்சியும் எங்கள் மக்களுக்குப் புதியவை அல்ல. வெளிநாட்டில் உள்ள எங்கள் ஆட்கள் அவற்றையெல்லாம் விட்டுவிட்டு நிலையத்தைத் தேடி ஓடுவது எனக்கு வருத்தத்தைத் தருகிறது.

மருதடி எழுதியது:

பாலைமரம் குறிப்பிடும் ஆய்வு 2009இல் வெளியானது. நானும் மாணவர்களுக்கு அதைப் பாடமாகக் காட்டுவதுண்டு. இரண்டு முறைகளுமே நன்றாக வேலை செய்தன என்பது உண்மை. ஆனால் 31 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, 81க்கும் 71க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை வைத்து எதையும் நிறுவ முடியாது. அதோடு அவர்கள் பிள்ளைகள். நிகழ்வு நடந்து சில வாரங்களுக்குள் சிகிச்சை பெற்றவர்கள். அந்தக் கட்டத்தில் தானாகவே தேறுபவர்களும் கணிசமாக இருப்பார்கள். பல ஆண்டு வேலையில் சேர்த்துவைத்த சம்பவங்களோடு நிலக்கீழ் அறையில் ஒதுங்கியிருக்கும் ஒரு நடுவயதுக்காரருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவர வேண்டும் என்ற உங்கள் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். 1997ஆம் ஆண்டு ஆய்வில் கண்ட சரிவுக்கும் அதுவே ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

காவிரிக்கரை எழுதியது:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? கேரளாவில் ஆயுர்வேத நிலையங்கள் எத்தனையோ இருக்கின்றன. 21 நாள் எண்ணெய்ச் சிகிச்சையும் யோகாவும் எடுத்துக்கொண்டு, அலைபேசியை அணைத்துவைத்துவிட்டு ஓய்வெடுத்தால் மனம் தானாக அமைதியாகிவிடும். பழையதை மறக்க வேண்டியவனிடம் பழையதையே சொல்லச் சொல்வது எனக்குப் புரியவில்லை.

இராப்பணி எழுதியது:

ஐயா, மறக்க முடிந்திருந்தால் நாங்கள் யாரும் மருத்துவரிடம் போயிருக்கமாட்டோம். ஓய்வு எடுத்தேன். கடற்கரையில் ஒரு மாதம் இருந்தேன். செயற்கைச் சுவாசக் கருவியின் எச்சரிக்கை மணி அங்கேயும் கேட்டது.

வடலி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முதல் பதிவில் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். அம்மாவும் இந்தப் பக்கத்தை வாசிப்பார் என்ற தயக்கந்தான் காரணம். இப்போது அவருக்கும் தெரிந்துவிட்டது. தம்பி குடிக்கிறான். உறங்குவதற்காக என்று தொடங்கியது, இப்போது காலையிலேயே கை நடுங்குகிறது. முன்பு ஒருவர் அவனுக்கு உறக்கத்துக்காக லொராசெபாம் எழுதிக் கொடுத்திருந்தார், அதுவும் வீட்டில் இருக்கிறது. ஒரு நிலையத்தார் முதலில் குடியை விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து வரச் சொல்கிறார்கள். அவன் குடியை விட முடியாததே இந்தக் கனவுகளால்தான் எனும்போது, எதை முதலில் பிடிப்பது?

அடையாற்றுவாசி எழுதியது:

அக்கா, நான் சென்னையில் போதை மீட்பு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். காலையில் கை நடுங்குகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் இதை உடனே எழுதுகிறேன். தம்பியை வீட்டில் வைத்துக்கொண்டு திடீரென்று குடியை நிறுத்தச் சொல்லாதீர்கள். நாள்பட்ட குடிக்குப் பிறகு சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை மனக்குழப்பமும் காய்ச்சலும் இல்லாதவை தெரிவதும் சேர்ந்த டெலிரியம் வரலாம், அது உயிரைப் பறிக்கக்கூடியது. மருத்துவமனையில் சேர்த்து மருந்தோடு படிப்படியாக இறக்க வேண்டும். குடியும் லொராசெபாமும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும் ஆபத்து உண்டு என்பதால் அந்த மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

எதை முதலில் பிடிப்பது என்ற கேள்விக்கு எங்கள் துறையில் பல காலம் ஒரே பதில்தான் இருந்தது: முதலில் குடி, பிறகு மற்றது. அந்தப் பதிலை நம்பி நாங்கள் திருப்பி அனுப்பியவர்களில் பலர் மீண்டும் வரவே இல்லை. ஆஸ்திரேலியாவில் 103 பேரிடம் இரண்டையும் சேர்த்து, நீடித்த எதிர்கொள்ளலும் போதை மீட்பும் ஒரே சிகிச்சையாளரிடம் கிடைக்கும்படி செய்து பார்த்தார்கள்; 2012இல் முடிவு வந்தது. பிடிஎஸ்டி குறைந்தது, பயந்ததுபோல் போதைப் பழக்கம் மோசமாகவில்லை. உடலைக் குடியிலிருந்து படிப்படியாக விடுவிக்கும் விலகல் சிகிச்சைக்குச் சில நாட்கள் போதும், ஆறு மாதம் தேவையில்லை. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் நிலையமாகத் தேடுங்கள்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி தமிழ்நாட்டின் ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களில் 28 பேர் இறந்தார்கள். தங்கிச் சிகிச்சை என்றாலே நம் பெற்றோர் பயப்படுவது வெறும் மூடநம்பிக்கை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. 2018 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது, நிலையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது, தன் விருப்பத்தில் சேர்ந்தவர் வெளியேறக் கேட்டால் பொதுவாக விட்டுவிட வேண்டும் என்கிறது. சேர்க்கும் முன் பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் நில்லாமல் வந்துவிடுங்கள். அவசர ஆலோசனைக்கு 14416 என்ற அரசு எண் இருக்கிறது.

மருதடி எழுதியது:

அடையாற்றுவாசி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். லொராசெபாம் வகை மாத்திரைகளைப் பிடிஎஸ்டிக்குக் கொடுக்கவேண்டாம் என்று நான் முன்பு குறிப்பிட்ட 2023 வழிகாட்டியும் சொல்கிறது. மருந்து வேண்டுமென்றால் செர்ட்ரலீன், பராக்செட்டீன், வென்லாஃபக்சீன் ஆகிய மூன்றுக்குத்தான் சான்று வலுவாக உள்ளது. கெட்ட கனவுக்குப் பிரசோசின் என்ற இரத்த அழுத்த மருந்தைப் பலர் எழுதுவார்கள். 304 முன்னாள் படையினரிடம் நடத்திய பெரிய ஆய்வில், 2018இல், அது வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. இருந்தும் சிலருக்கு அது உதவுவதை நான் கண்டிருக்கிறேன், ஆகையால் அடியோடு ஒதுக்குவதில்லை.

குடி இருப்பதால் தங்கியிருந்து பெறும் சிகிச்சைக்கான காரணம் இப்போது வலுத்துவிட்டது.

சிறுவயது பற்றிய உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். வாழ்க்கையில் நடந்த எல்லாவற்றையும் கிளறுவது சிகிச்சையாளரின் நோக்கமாக இருக்காது. இப்போது கனவில் வருவது எது, உடலை உதறவைப்பது எது என்று பார்த்து அதிலிருந்து தொடங்குவார்கள். தம்பிக்கு அது பெரும்பாலும் அந்தக் குழந்தையாக இருக்கலாம். 1995 தானாக மேலே வந்தால் அதையும் எடுப்பார்கள், வராவிட்டால் விட்டுவிடுவார்கள். சிறுவயதிலிருந்தே தொடர்ந்து வந்த துயரங்களால் தன்னைப் பற்றிய எண்ணமும் உறவுகளும் கூடச் சிதைந்திருந்தால், 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் அதைச் சிக்கலான பிடிஎஸ்டி என்று தனியே வகைப்படுத்துகிறது. அப்படிப்பட்டவர்களை முதலில் பல மாதம் நிலைப்படுத்திவிட்டுத்தான் நினைவைத் தொடவேண்டும் என்பாரும் உண்டு, நேராகத் தொடங்கலாம் என்பாரும் உண்டு. துறைக்குள் இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஜெர்மனியின் மன்ஹைமில் சிறுவயதுக் கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு 12 வாரம் தங்கும் திட்டம் ஒன்றை உருவாக்கி, 2013இல் நல்ல முடிவுகளைக் காட்டினார்கள். பின்னர் அதே குழு அதே முறையை வீட்டிலிருந்து வந்துபோகும் 193 பெண்களிடம் செய்து 2020இல் வெளியிட்டபோதும் நன்றாகவே வேலை செய்தது. நான் நேராகத் தொடங்கலாம் என்பாரின் பக்கம் சாய்ந்தவன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பாலைமரம் எழுதியது:

குடியைப் பற்றித் தெரியாமல் எழுதியிருந்தேன். இந்த நிலையில் தம்பி உள்ளே போவதை நானும் ஆதரிக்கிறேன். தாயாரை மட்டும் வெளியே நிறுத்திவைக்காதீர்கள். குடும்ப அமர்வு இருந்தால் அவரும் போகட்டும். ஆங்கிலம் தடையாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், உங்களில் ஒருவரை மொழிபெயர்க்க வைக்கவேண்டாம். மகள் மொழிபெயர்த்தால் தாய் பாதியைத்தான் சொல்லுவார்.

இராப்பணி எழுதியது:

வீட்டுக்கு வருவதைப் பற்றி எழுதுவதாக நினைத்திருந்தேன். என் நிலையத்தில் எனக்கு மனக்குறை இருந்தது இதில்தான். சிகிச்சை நன்றாக இருந்தது, ஆனால் வெளியேறும்போது கையில் ஒற்றைத் தாளைக் கொடுத்து, வெளியில் உள்ள சிகிச்சையாளரை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்றார்கள். தேடிக் கிடைப்பதற்குள் பாதி பின்வாங்கிவிட்டேன். தம்பி உள்ளே போகும் முன்னரே, வெளியே வந்த முதல் வாரத்தில் யாரைப் பார்ப்பது என்று நாள் குறித்துவிடுங்கள்.

வீட்டாருக்குச் சில விடயங்கள். அவன் உறக்கத்தில் கத்தினால் தொட்டு எழுப்பாதீர்கள். கால்மாட்டில் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கனடா தினமான யூலை முதலாம் தேதி வாணவேடிக்கை, தீபாவளி வெடி போன்றவற்றை அவனிடம் முன்னரே சொல்லிவையுங்கள், ஆனால் அதற்காக ஊரையே விட்டுக் கூட்டிக்கொண்டு ஓடாதீர்கள். இதுதான் அன்பு உள்ளவர்களுக்கு மிகக் கடினமானது. அந்தத் தெருவால் அவன் போகமாட்டான் என்பதற்காக நீங்கள் எல்லோரும் சுற்றிப் போவது, கடைக்கு அவனுக்குப் பதிலாக நீங்கள் போவது, பிள்ளைகளை எந்நேரமும் வாய்மூடி இருக்கச் சொல்வது எல்லாம் நோய்க்குச் செய்யும் உபகாரம். என் கணவர் நிலையத்தில் ஒரு குடும்ப வகுப்பில் இதைக் கற்றுக்கொண்டு வந்து, அடுத்த நாளே என்னைச் சனக்கூட்டம் நிறைந்த கடைக்குள் விட்டுவிட்டு வாகனத்தில் இருந்தார்.

வேலைக்குத் திரும்புவதை அவசரப்படுத்தவேண்டாம். சிலர் திரும்பினார்கள், முதலில் அவசர அழைப்பு இல்லாத பணியில், பிறகு இன்னொருவரோடு கூடச் செல்லும் நிலையில், பிறகு முழுதாக. நான் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் திரும்பவில்லை. சிறுநீரகச் சுத்திகரிப்புப் பிரிவில் இருக்கிறேன். எச்சரிக்கை மணி அங்கும் உண்டு. கேட்டால் போய்ப் பார்க்கிறேன். உறக்கம் இன்னும் முழுதாகச் சரியில்லை.

வடலி எழுதியது:

இரண்டு நிலையங்களுக்கு அழைத்து நீங்கள் சொன்ன கேள்விகளைக் கேட்டோம். முதலாவது இடத்தில் எட்டு வாரத்துக்கும் பெரும்பாலும் குழு வகுப்புகள்தான், நினைவைக் கையாள்வது வெளியே போன பிறகு என்றார்கள். இரண்டாவது இடத்தில் விலகல் சிகிச்சை முதலில் மருத்துவமனையில், அதன்பின் ஆறு வாரம் தங்கல், வாரத்தில் இரண்டு தடவை தனி அமர்வு ரெசிக்கின் முறையில், குடிக்கான சிகிச்சை கூடவே, குடும்ப அமர்வு மொழிபெயர்ப்பாளரோடு. தம்பியிடம் இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். இரண்டாவதைத் தானே தெரிந்தெடுத்தான். இரவுக் கைவிளக்கைப் பற்றிச் சொன்னபோது, தானும் எத்தனையோ பேரின் முகத்தில் விளக்கடித்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தான். அம்மா ஊராரிடம் அவன் வேலைப் பயிற்சிக்குப் போவதாகச் சொல்லப்போகிறாராம். அதை நான் இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

கடைசியாக ஒரு கேள்வி. காப்பீட்டுச் சபையின் அனுமதிக் கடிதத்தில் தங்கும் காலத்துக்கான செலவு மட்டுமே குறிப்பிடப்பட்டிருக்கிறது. பின்தொடர் அமர்வுகளுக்கு என்ன செய்வது?

இராப்பணி எழுதியது:

அக்கா, கோப்பைப் பார்க்கும் அலுவலரிடம் பின்தொடர் அமர்வுகளின் எண்ணிக்கையையும் சிகிச்சையாளரின் பெயரையும் குறிப்பிட்டுத் தனி அனுமதியாக எழுத்தில் கேளுங்கள், வாய்மொழியாகச் சரி என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். தம்பியின் மருத்துவர் அதற்கு ஒரு கடிதம் கொடுத்தால் விரைவாக நடக்கும். தம்பி உள்ளே இருக்கும்போது உங்களோடு அவர்கள் பேசுவதற்கான ஒப்புதல் படிவத்தையும் அவன் போகும் முன்பே கையொப்பம் வாங்கிவிடுங்கள். உள்ளே போன பிறகு அதை வாங்க என் கணவர் பட்ட பாடு பெரும்பாடு.